டிவி2 பதிவு கட்டம் கட்டமாக உடைகிறது: ஏரியலா, டெகோடரா, பென்டிரைவா?

பீடோங்காரி:
வணக்கம். கெடா, பீடோங்கில் தோட்டத்தை ஒட்டிய தாமானில் (குடியிருப்பில்) இருக்கிறோம். டிவி2-இல் வந்த தீபாவளிச் சிறப்பு நிகழ்ச்சியை டெகோடரில் (ஏரியல் சிக்னலை வாங்கி டிவிக்குக் கொடுக்கும் பெட்டி) பென்டிரைவ் செருகிப் பதிவு செய்தேன். அக்கா மகள் அதில் ஒரு குழு நடனத்தில் ஆடியிருக்கிறாள். அம்மா பார்க்க வேண்டும் என்றுதான் பதிவு செய்தது. இப்போது போட்டுப் பார்த்தால் படம் கட்டம் கட்டமாக உடைகிறது, சத்தம் "டிக்" என்று வெட்டுப்பட்டு மறுபடி வருகிறது. சில இடங்களில் படம் அப்படியே நின்று, சட்டென்று அடுத்த காட்சிக்குத் தாவிவிடுகிறது. நடனம் வரும் இடத்திலும் அப்படி ஒரு தாவல். கைப்பேசியில் போட்டால் இன்னும் மோசம், ஆட்கள் அசையும்போதெல்லாம் ஓரங்களில் மெல்லிய கிடைக்கோடுகள் தெரிகின்றன.

கடைத் தவுக்கே (முதலாளி) "டெகோடர் போச்சு, புதுசு வாங்கு" என்கிறார். வாங்கினால் இந்தப் பதிவு சரியாகிவிடுமா?

செம்பனை77:
டெகோடரெல்லாம் வேண்டாம் தங்கச்சி. பூஸ்டர் (சிக்னலைப் பெருக்கும் பெட்டி) போடுங்கள். நான் பாலிங் பக்கம், சுற்றிலும் மலை. பூஸ்டர் போடுவதற்கு முன்பு செய்தி கூட முழுதாகப் பார்க்க முடியாது. இப்போது கண்ணாடி மாதிரி வருகிறது. நாற்பது ஐம்பது வெள்ளிதான்.

பழைய ஏரியல்:
கொஞ்சம் பொறுங்கள். வாங்குவதற்கு முன்னால் ஒரு பைசா செலவில்லாத சோதனை இருக்கிறது. உடைகிற ஓர் இடத்தின் நேரத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். கொஞ்சம் பின்னால் தள்ளி மறுபடி ஓட விடுங்கள். அதே இடத்தில், அதே மாதிரி உடைகிறதா? அப்புறம் பென்டிரைவைக் கழற்றி வேறு எதிலாவது, கணினியிலோ கைப்பேசியிலோ, அதே இடத்தைப் பாருங்கள்.

அதே இடத்தில் உடைந்தால் கோளாறு கோப்புக்குள்ளேயே பதிந்துவிட்டது. இடம் மாறி மாறி உடைந்தால் கோப்பு நன்றாக இருக்கிறது, படிக்கிற கருவிதான் திணறுகிறது. இது தெரியாமல் கையை வைத்தால் காசுதான் போகும். பதில் போடுங்கள், பிறகு பேசலாம்.

இன்னொன்று. நீங்கள் கேட்ட கேள்விக்கு நேர் பதில்: புது டெகோடர் இனிமேல் செய்யும் பதிவுகளுக்கு வேண்டுமானால் உதவும். ஏற்கெனவே கோப்பில் இல்லாமல் போனதை எந்தக் கடையிலும் விற்க மாட்டார்கள்.

பீடோங்காரி:
பார்த்துவிட்டேன் அண்ணே. கட்டம் கட்டமாக உடைவதும் தாவுவதும் டெகோடரிலும் கைப்பேசியிலும் அதே நேரத்தில்தான் வருகின்றன. கிடைக்கோடு மட்டும் கைப்பேசியில்தான், டெகோடர் வழியாகப் பார்த்தால் இல்லை.

கிராணி வீட்டுப் பையன்:
கிடைக்கோட்டுக்கு நான் பதில் சொல்கிறேன் அக்கா, அது கோளாறே இல்லை. ஒளிபரப்பில் ஒரு முழுப் படத்தை இரண்டு பாதியாக அனுப்புவது உண்டு. ஒற்றைப்படை வரிகள் ஒரு பாதி, இரட்டைப்படை வரிகள் அடுத்த பாதி, நொடிக்கு 50 பாதிகள். இரண்டு பாதிக்கும் நடுவே ஆடுகிறவர் கையை நகர்த்திவிட்டால் வரிகள் ஒன்றோடொன்று ஒட்டாமல் அப்படித் தெரியும். டெகோடர் அதைச் சேர்த்துத் தைத்துக் காட்டுகிறது, கைப்பேசிப் பிளேயர் அப்படியே காட்டுகிறது. விஎல்சி பிளேயரில் வீடியோ அமைப்புக்குள் டீஇன்டர்லேஸ் (பாதிகளைச் சேர்ப்பது) என்று இருக்கும், அதைப் போட்டுவிடுங்கள். கணினியில் வகை கேட்டால் யாடிஃப் நன்றாக இருக்கும்.

அப்படியும் சில கைப்பேசிகளில் கட்டங்கள் கூடுதலாகத் தெரிந்தால் ஹார்டுவேர் டிகோடிங்கை (சில்லே படத்தை விரிக்கும் முறை) அணைத்துப் பாருங்கள். சேதப்பட்ட கோப்பு என்றால் கைப்பேசிச் சில்லு திணறும், சாஃப்ட்வேர் முறை கொஞ்சம் சமாளிக்கும்.

பாக்கெட்எண்ணி:
சுங்கைப் பட்டாணி, வேலை பினாங்கில். ஒளிபரப்புக் கோப்புகளைக் குடைவது எனக்குப் பொழுதுபோக்கு, அதனால் நீளமாக எழுதினால் மன்னிக்கவும்.

டெகோடர் பதிவு செய்யும்போது படத்தைப் புதிதாக உருவாக்குவதில்லை. காற்றில் வருகிற தரவில் அந்த ஒரு சேனலுக்கு உரியதைப் பொறுக்கி அப்படியே கோப்பில் கொட்டுகிறது. மலேசியாவில் 2019 அக்டோபர் 31-இல் பழைய அனலாக் முழுக்க நிறுத்தப்பட்டபின் ஏரியலில் வருவதெல்லாம் டிவிபி-டி2 என்ற டிஜிட்டல் முறை. அதில் தரவு சின்னச் சின்னப் பாக்கெட்டுகளாக வரும். ஒவ்வொன்றும் 188 பைட். யாருடைய பாக்கெட், படமா சத்தமா என்று சொல்ல ஓர் அடையாள எண், அதோடு 0 முதல் 15 வரை சுற்றிச் சுற்றி ஓடும் வரிசை எண். 7-க்குப் பிறகு 8 வராமல் 11 வந்தால் நடுவில் மூன்று தொலைந்தன என்று அர்த்தம். (சரியாக 16 தொலைந்தால் வரிசை எண்ணுக்குத் தெரியாது. 6-க்குப் பிறகு 7 வந்த மாதிரியே இருக்கும். அதனால் வரிசை எண்ணை மட்டும் நம்பக் கூடாது, நேர முத்திரையையும் பார்க்க வேண்டும்.)

சேனலுக்கு நொடிக்கு 4 மெகாபிட் என்று வைத்தால் ஒரு நொடியில் சுமார் 2,660 பாக்கெட். அதில் ஒன்று போனால் என்ன என்று தோன்றும். சுருக்கிய வீடியோவில் முழுப் படம் எப்போதாவது ஒருமுறைதான் வரும், அதற்கு ஐ-ஃபிரேம் என்று பெயர். மற்றதெல்லாம் "முந்தைய படத்திலிருந்து இது இது மாறியது" என்ற குறிப்புகள்தாம். அதனால் நடுவில் ஒரு குறிப்பு கெட்டால் அதை நம்பி வரும் எல்லாப் படங்களும் கெடும். சடக்கில் ஒரு லாரி கவிழ்ந்தால் அடுத்த சந்திப்பு வரை வண்டிகள் தேங்குகிற கதைதான். அடுத்த ஐ-ஃபிரேம் வந்ததும் படம் பளிச்சென்று சரியாகிவிடும். உங்கள் படம் அரை நொடி, ஒரு நொடி உடைந்து தானாகத் தெளிவதற்குக் காரணம் இது.

இப்போது முக்கியமான கேள்வி: பாக்கெட் எங்கே தொலைந்தது? இரண்டு இடத்தில் தொலையலாம். ஏரியலிலிருந்து டெகோடருக்கு வருகிற வழியில், அல்லது டெகோடரிலிருந்து பென்டிரைவுக்குப் போகிற வழியில். கண்ணால் பார்த்தால் இரண்டும் ஒன்றுபோல இருக்கும். கோப்பைக் குடைந்தால் வித்தியாசம் தெரியும். உங்களிடம் கணினி இருக்கிறதா?

செம்பனை77:
இவ்வளவு பெரிய கதை எதற்கு? கோப்புக்குள் சேதம் என்றால் சிக்னல் சரியில்லை என்றுதானே அர்த்தம். சிக்னல் சரியில்லை என்றால் பூஸ்டர். முடிந்தது.

பழைய ஏரியல்:
பாலிங்கில் உங்களுக்குப் பூஸ்டர் தேவைப்பட்டது, ஒத்துக்கொள்கிறேன். மலை மறைக்கிறது, தூரமும் அதிகம். ஆனால் தங்கச்சி இருப்பது பீடோங்கில். 1,217 மீட்டர் உயரமுள்ள குனோங் ஜெராய் மலை உச்சியில் ஒளிபரப்புக் கோபுரம். பீடோங்கிலிருந்து நேர்க்கோட்டில் சுமார் 10 கிலோமீட்டர். வாசலில் நின்றாலே மலை தெரியும். அங்கே பூஸ்டர் போட்டால் டெகோடரின் டியூனர் மூச்சுத் திணறும். சிக்னல் பலவீனமானாலும் படம் உடையும், அளவுக்கு மீறினாலும் அதே மாதிரி உடையும். சுற்றுவட்டாரத்தில் நான் ஏணி ஏறிய வீடுகளில் பூஸ்டரைக் கழற்றிச் சரிசெய்தவை நிறைய. கடைக்காரர்களுக்கு இது பிடிக்காது.

தங்கச்சி, டெகோடர் மெனுவில் சிக்னல் தகவல் பக்கம் இருக்கும். இரண்டு பட்டைகள்: ஒன்று பலம், ஒன்று தரம். பலத்தை விடுங்கள். தரம் எவ்வளவு, அது ஆடாமல் நிற்கிறதா, துள்ளுகிறதா என்று கொஞ்ச நேரம் உட்கார்ந்து பாருங்கள். வீட்டில் யாரையாவது மிக்சியைப் போட்டு அணைக்கச் சொல்லுங்கள், காற்றாடி சுவிட்சையும். அந்த நேரத்தில் தரம் சட்டென்று விழுந்தால் கேபிளின் கவசமோ இணைப்போ சரியில்லை, சுவிட்சின் பொறி உள்ளே நுழைகிறது.

அப்படியே ஏரியலிலிருந்து வரும் வயரைப் பின்தொடர்ந்து போய்ப் பாருங்கள். நடுவில் ஏதாவது சின்னப் பெட்டி இருக்கிறதா?

லூனாஸ் தம்பி:
நடுவில் நுழைகிறேன். எனக்கும் இதே பிரச்சினை, ஆனால் தட்டு ஏரியல், சந்தா டிவி. மழை வந்தால் பதிவு முழுக்க உடைகிறது. பழைய ஒரு பதிவை எம்பி4 ஆக மாற்றினேன், போகப் போகச் சத்தம் உதட்டை விட்டு விலகிப் போகிறது. என்ன செய்ய?

நெறியாளர்:
தம்பி, தட்டு ஏரியல் மழைக்குத் தனி இழை இருக்கிறது. சத்தம் விலகும் கேள்வி இங்கே பொருந்தும், இருக்கட்டும்.

பாக்கெட்எண்ணி:
சுருக்கமாகச் சொல்கிறேன் தம்பி. செயற்கைக்கோள் அனுப்பும் கேயூ அலைவரிசையை மழை உறிஞ்சும், கீழே இருக்கும் நாம் அதற்கு ஒன்றும் செய்ய முடியாது, தட்டைச் சரியாகத் திருப்பி வைத்து மழையைத் தாங்கக் கொஞ்சம் கூடுதல் சிக்னல் சம்பாதிக்கலாம், அவ்வளவுதான். தரைவழி டிவி வரும் யூஎச்எஃப் அலைவரிசை மழைக்கு அப்படி அசையாது. மழையில் தரைவழி உடைந்தால் கேபிள் முனையில் தண்ணீர் போயிருக்கிறது என்று சந்தேகப்படலாம், அல்லது ஏரியலுக்கு எதிரே ஈரமான மரம்.

சத்தம் விலகுவதற்குக் காரணம் மாற்றிய மென்பொருள். ஒவ்வொரு படத்துக்கும் ஒவ்வொரு சத்தத் துண்டுக்கும் "இத்தனையாவது நேரத்தில் காட்டு" என்று முத்திரை உண்டு. நடுவே துண்டு தொலைந்தால் அந்த இடம் காலியாக இருக்க வேண்டும். சில கன்வெர்ட்டர்கள் காலி இடத்தை இழுத்து மூடிவிடும். படத்தில் ஒரு நொடியும் சத்தத்தில் அரை நொடியும் மூடினால் அங்கிருந்து அரை நொடி விலகல், அடுத்த ஓட்டையில் இன்னும் கொஞ்சம். மூலக் கோப்பை வைத்திருக்கிறாயா? இருந்தால் மறுசுருக்கம் செய்யாமல், நேர முத்திரைகளைக் காப்பாற்றி எம்கேவி உறைக்கு (படத்தையும் சத்தத்தையும் சேர்த்து வைக்கும் கோப்பு வகை) மாற்று. எம்பி4-ஐ வைத்துக்கொண்டு பின்னால் போக முடியாது.

லூனாஸ் தம்பி:
மூலத்தை அழித்துவிட்டேனே லா... சரி அண்ணே, நன்றி.

பீடோங்காரி:
அண்ணே, பெட்டி இருக்கிறது! அலமாரிக்குப் பின்னால், தூசி மண்டி, சின்ன சிவப்பு விளக்கு எரிந்துகொண்டு. முன்னால் குடியிருந்தவர்கள் விட்டுப் போனது போலிருக்கிறது. பூஸ்டர் என்று எழுதியிருக்கிறது.

அது இருக்கும்போது பலம் 98, தரம் 50-க்கும் 90-க்கும் நடுவே துள்ளியது. அதைக் கழற்றிவிட்டு ஏரியல் வயரை நேராக டெகோடரில் செருகினேன். பலம் 70 சொச்சம், தரம் 95-இல் ஆடாமல் நிற்கிறது. மிக்சிக்கும் அசையவில்லை.

பழைய ஏரியல்:
நல்லது. பூஸ்டருக்குப் போகும் மின் அடாப்டரையும் சுவரிலிருந்து பிடுங்கிவிடுங்கள். ஏரியல் எது, நீளமான கம்பிகள் கொண்ட பழைய விஎச்எஃப் மீன்முள்ளா, இல்லை குட்டைக் கம்பி யூஎச்எஃப்பா? இப்போது வருவதெல்லாம் யூஎச்எஃப்தான். பழையதிலும் மலைக்கு அருகே படம் வந்துவிடும், ஆனால் அது தற்செயல்.

செம்பனை77:
98 பலம் நல்லதுதானே? 70-ஐ விட 98 பெரிது என்று பள்ளிக்கூடத்தில் படித்த ஞாபகம்.

பழைய ஏரியல்:
ஒலிபெருக்கியைக் காதுக்குள் வைத்தால் சத்தம் பெரிது, வார்த்தை புரியுமா?

பீடோங்காரி:
குட்டைக் கம்பிதான் அண்ணே.

ஆனால் இன்னும் தீரவில்லை. நேற்று இரவு தமிழ்ச் செய்தியையும் அதன் பின்னால் வந்த நிகழ்ச்சியையும் பதிவு செய்து பார்த்தேன். கட்டம் கட்டமாக உடைவது அறவே போய்விட்டது. ஆனால் அந்தத் தாவல் இருக்கிறது. படம் நின்று, ஒன்றிரண்டு நொடி காணாமல் போய், செய்தி வாசிப்பவர் வேறு வாக்கியத்தில் இருக்கிறார். நேரலையாகப் பார்த்துக்கொண்டேதான் பதிவு செய்தேன், திரையில் அப்போது ஒன்றும் தடங்கல் இல்லை.

பாக்கெட்எண்ணி:
நேரலையில் சுத்தம், பதிவில் தாவல். அப்படியானால் பாக்கெட் டெகோடர் வரை வந்திருக்கிறது, பென்டிரைவுக்குத்தான் போகவில்லை. உங்கள் வீட்டில் இரண்டு கோளாறும் ஒன்றாக இருந்திருக்கின்றன போலிருக்கிறது. உறுதி செய்துகொள்ளலாம். கணினியில் டிஎஸ்டக் என்ற இலவச மென்பொருளைப் போட்டு, தீபாவளிக் கோப்பைக் கொடுத்து ஆய்வு அறிக்கை எடுங்கள். எஃப்எஃப்எம்பெக் இருந்தால் அதுவும் போதும், கோப்பை எங்கும் எழுதாமல் வெறுமனே படிக்கச் சொன்னால் தொடர்ச்சி அறுந்த இடங்களை எல்லாம் வரி வரியாகச் சொல்லும். முதல் சில வரிகளில் ஏதேதோ காணவில்லை என்று திட்டினால் கவலைப்படாதீர்கள், பதிவு இரண்டு ஐ-ஃபிரேம்களுக்கு நடுவே ஆரம்பித்தால் அப்படித்தான் வரும்.

பென்டிரைவ் எங்கே வாங்கியது? டைம்ஷிஃப்ட் (நேரலையை நிறுத்திப் பிறகு தொடர்ந்து பார்க்கும் வசதி) போட்டுப் பார்த்தீர்களா?

பீடோங்காரி:
பாசார் மாலாமில் (இரவுச் சந்தையில்) வாங்கியது, 64 ஜிபி. டைம்ஷிஃப்ட் போடவில்லை. கணினி வேலையை அக்கா மகனிடம் கொடுத்திருக்கிறேன்.

கிராணி வீட்டுப் பையன்:
பாசார் மாலாம் பென்டிரைவா? போலியாக இருக்கும் அக்கா. 8 ஜிபியை 64 என்று பொய் சொல்ல வைத்திருப்பார்கள். நிரம்பியதும் பழைய தரவின் மேலேயே எழுதும் அல்லது எழுதியதாக நடிக்கும். எச்2டெஸ்ட்டபிள்யூ என்று ஒரு கருவி உண்டு, முழுக்க எழுதி மறுபடி படித்துச் சரிபார்க்கும். லினக்ஸில் எஃப்3. முதலில் கோப்புகளைக் கணினிக்கு நகல் எடுத்துவிடுங்கள், அதன் பிறகே சோதனை!

பீடோங்காரி:
அக்கா மகன் எடுத்த அறிக்கை இது, அவன் சொன்னபடி எழுதுகிறேன். தீபாவளிக் கோப்பில் இரண்டு வகை இருக்கிறதாம். ஒரு வகை சின்னது: சில பாக்கெட்டுகள் மட்டும் காணவில்லை, சிலவற்றில் பிழைக்கொடி (இது கெட்டது என்ற குறி) போட்டிருக்கிறது, பெரும்பாலும் படத்தில்தான், அங்கங்கே சத்தத்திலும். இன்னொரு வகை பெரியது: படம், சத்தம், மற்ற அட்டவணைகள் எல்லாம் ஒரே நேரத்தில் அறுந்து, ஒரே நேரத்தில் மீண்டும் தொடங்குகின்றன. நேர முத்திரையில் ஒரு நொடிக்கு மேல் காணவில்லை. அங்கே கொடி ஒன்றுகூட இல்லை. நடனத்தில் இருப்பது இந்தப் பெரிய வகை. செய்திப் பதிவில் பெரிய வகை மட்டும்தான்.

பென்டிரைவ் போலி இல்லை, 64 ஜிபியும் இருக்கிறது. ஆனால் எழுதும்போது வேகம் அடிக்கடி விழுந்து சில சமயம் நின்றே போகிறது என்கிறான்.

பாக்கெட்எண்ணி:
அருமையாகச் செய்திருக்கிறான், அவனுக்கு ஒரு மீ கோரெங் வாங்கிக் கொடுங்கள்.

சின்ன வகை காற்றில் போனது, அதாவது பூஸ்டர் செய்த வேலை. பெரிய வகை எழுதும்போது போனது. ஒரே நொடியில் எல்லாமே சுத்தமாக அறுந்து, முன்னும் பின்னும் துளிச் சேதம் இல்லாமல் இருப்பதுதான் அடையாளம். காற்றில் போனால் அவ்வளவு நேர்த்தியாகப் போகாது. ஓர் எச்சரிக்கை: சில டெகோடர்கள் கொடி போட்ட பாக்கெட்டைக் கோப்பில் எழுதாமலே விட்டுவிடும். ஆகவே கொடி இல்லை என்பதை மட்டும் வைத்து முடிவு கட்டக் கூடாது. உங்களுக்கு நேரலைச் சோதனையும் சேர்ந்து சொல்வதால் சந்தேகமில்லை.

பலருக்கும் இதில் குழப்பம் வரும். 4 மெகாபிட் என்றால் நொடிக்கு வெறும் அரை மெகாபைட். எந்தக் குப்பைப் பென்டிரைவும் சராசரியாக அந்த வேகத்தில் எழுதும். சராசரி பிரச்சினை இல்லை, நடுவில் வரும் நிறுத்தம்தான் பிரச்சினை. ஃபிளாஷ் நினைவகம் பெரிய பெரிய தொகுதிகளாகத்தான் அழித்து எழுதும். மலிவான கட்டுப்பாட்டுச் சில்லு அந்த வேலையைச் செய்யும்போது மொத்தமாக மூச்சை நிறுத்திக்கொள்ளும். கணினிக்கு நினைவகம் தாராளம், அதுவரை தரவைப் பிடித்து வைக்கும். டெகோடரில் இடம் கொஞ்சம், நிரம்பி வழிந்தால் வழிந்ததுதான். பெட்டியின் மேல் "அதிவேகம்" என்று போட்டிருப்பது இதைப் பற்றி ஒன்றும் சொல்லாது. டைம்ஷிஃப்ட் கேட்டதும் இதனால்தான், எழுதிக்கொண்டே படிக்கவும் சொன்னால் இன்னும் மோசம்.

நல்ல பெயருள்ள பென்டிரைவ் அல்லது யூஎஸ்பி உறையில் போட்ட சின்ன எஸ்எஸ்டி (சுழலும் வட்டு இல்லாத சேமிப்பகம்) போதும். பழைய மடிக்கணினி ஹார்டு டிஸ்க்கைச் செருகலாமா என்று அடுத்து யாராவது கேட்பார்கள். யூஎஸ்பி 2 துளைக்கு விதிப்படி 500 மில்லியாம்பியர்தான். வட்டு சுழலத் தொடங்கும்போது அதைத் தாண்டிவிடும். தனி மின்சாரம் கொண்ட ஹப் இல்லாமல் வேண்டாம்.

பீடோங்காரி:
அத்தானிடம் எஸ்எஸ்டி ஒன்று சும்மா கிடந்தது. போட்டுப் பதிவு செய்தேன், உடைவும் இல்லை தாவலும் இல்லை. அறிக்கையும் சுத்தம். டெகோடர் வாங்கச் சொன்ன தவுக்கேயிடம் இனி பால் பவுடர் மட்டும் வாங்கலாம் என்றிருக்கிறேன்.

ஆனால் தீபாவளிக் கோப்பு? இணையத்தில் "பழுதான வீடியோவைச் செயற்கை நுண்ணறிவால் மீட்டுத் தருகிறோம்" என்று ஒரு விளம்பரம் வருகிறது. நம்பலாமா?

பாக்கெட்எண்ணி:
காசைக் கொடுக்காதீர்கள். கோப்பின் தலைப்பகுதி கெட்டு, உள்ளே தரவு முழுதாக இருந்தால் மீட்கலாம், அது வேறு கதை. உங்களுக்கு அந்த ஒன்றரை நொடி கோப்பிலேயே இல்லை. இல்லாத நடனத்தை மென்பொருள் கற்பனையாக வரைந்துதான் தர முடியும். அதில் ஆடுவது உங்கள் அக்கா மகள் இல்லை.

சின்ன உடைவுகளுக்குச் செய்யக்கூடியது: மறுசுருக்கம் இல்லாமல், சேதப்பட்ட பாக்கெட்டுகளை விலக்கி, நேர முத்திரையோடு எம்கேவிக்கு மாற்றுவது. கட்டம் முழுக்க மறையாது, பிளேயர் குழம்பித் தொங்குவது நிற்கும். மூலக் கோப்பை எதுவானாலும் அழிக்காதீர்கள்.

டிவி2-ஐ நடத்தும் ஆர்டிஎம்மின் இணையத் தளமான ஆர்டிஎம் கிளிக்கில் தேடினீர்களா? முழு நிகழ்ச்சி அங்கே கிடைத்தால் வேலையே இல்லை.

பீடோங்காரி:
தேடிக்கொண்டிருக்கிறேன், இன்னும் அகப்படவில்லை.

பழைய ஏரியல்:
வேறு யாராவது அதே நிகழ்ச்சியைப் பதிவு செய்திருந்தால்? அந்தத் துண்டை மட்டும் வெட்டி ஒட்ட முடியாதா? டேப் காலத்தில் செய்வோம், ஒட்டிய இடம் பளிச்சென்று தெரியும்.

பாக்கெட்எண்ணி:
அண்ணே, இது எனக்கு முதலிலேயே தோன்றியிருக்க வேண்டும்! டேப்பை விட இது நன்றாக வரும். நகலின் நகல் இல்லை இது. சேனல் ஒருமுறை சுருக்கி அனுப்பிய அதே பாக்கெட்டுகள்தாம் இன்னொருவர் வீட்டு டெகோடருக்கும் போயிருக்கும். வேறு கோபுரத்திலிருந்து வந்தாலும், ஒரே இடத்தில் சுருக்கிப் பகிர்ந்ததாக இருந்தால் படமும் நேர முத்திரையும் ஒன்றாகவே இருக்கும். இரண்டு கோப்பையும் ஐ-ஃபிரேம் எல்லையில் வெட்டி, ஓட்டை விழுந்த பகுதிக்கு மற்றவரின் துண்டை வைத்தால் தையல் தெரியாது. லாஸ்லெஸ்கட் என்ற மென்பொருளில் வெட்டி, எம்கேவிடூல்நிக்ஸ் என்பதில் ஒட்டலாம். யாரிடமாவது இருக்கிறதா?

செம்பனை77:
என்னிடம் இருக்கிறது.

பூஸ்டர் போட்ட வீட்டிலிருந்து வருகிற கோப்பு, பரவாயில்லையா? :)

பீடோங்காரி:
அண்ணே!! நிஜமாகவா? நடனம் இருக்கிறதா பாருங்கள், பச்சைப் பாவாடை தாவணிக் குழு.

செம்பனை77:
இருக்கிறது தங்கச்சி. இப்போதுதான் ஓட விட்டுப் பார்த்தேன், அந்த இடத்தில் ஒரு கீறல்கூட இல்லை. இந்த வாரம் சுங்கைப் பட்டாணி வருகிறேன், பென்டிரைவில் கொண்டு வருகிறேன். எங்கே வர வேண்டும் சொல்லுங்கள்.

நெறியாளர்:
தொலைபேசி எண், முகவரி எல்லாம் தனிச்செய்தியில் மட்டும். கோப்பை இங்கே பதிவேற்ற வேண்டாம்.

பீடோங்காரி:
ஒட்டியாகிவிட்டது. அக்கா மகனும் பாக்கெட்எண்ணி அண்ணனும் தனிச்செய்தியில் பேசிச் செய்தார்கள். இரண்டு கோப்பிலும் நேர முத்திரை ஒன்றுபோலவே இருந்ததாம், தேடாமலே இடம் கிடைத்துவிட்டது. நடனம் முழுதாக ஓடுகிறது. வேறு இடங்களில் இருந்த உடைவுகளுக்கும் அதே கோப்பிலிருந்து எடுத்து வைத்துவிட்டான். செம்பனை அண்ணனுக்கு மிக்க நன்றி.

செம்பனை77:
சந்தோஷம். ஆனால் ஒரு சந்தேகம். என் கோப்பில் உடைவே கிடையாது, ஆனால் 1 மணி 54 நிமிடத்தில் ஒரு சின்னத் துள்ளல். வேறொரு நீளமான பதிவைப் பார்த்தேன், அதிலும் கிட்டத்தட்ட அதே இடத்தில்தான். சிக்னல் எப்படி மணி பார்த்துக் கெடும்? அதையும் பூஸ்டர் தலையில் கட்டப் போகிறீர்களா?

பாக்கெட்எண்ணி:
இதில் உங்கள் பூஸ்டருக்குச் சம்பந்தமில்லை. பென்டிரைவ் எஃப்ஏடி32 முறையில் ஃபார்மட் ஆகியிருக்கும், அதில் ஒரு கோப்பு 4 ஜிபியைத் தாண்ட முடியாது. நொடிக்கு 5 மெகாபிட் அளவில் ஓடும் சேனல் 4 ஜிபியை நிரப்ப 1 மணி 54 நிமிடம்தான் ஆகும். நிரம்பியதும் டெகோடர் முதல் கோப்பை மூடி அடுத்ததைத் திறக்கும், அந்தச் சந்தில் கொஞ்சம் சிந்தும், அல்லது ஓட்டும்போது அடுத்த கோப்புக்கு மாறத் தடுமாறும். எது என்று பார்க்க, இரண்டு துண்டையும் கணினியில் அப்படியே ஒன்றன் பின் ஒன்றாக ஒட்டி ஓட்டுங்கள். டெகோடர் எழுதும் டிஎஸ் வகைக் கோப்பு அதைத் தாங்கும். துள்ளல் மறைந்தால் தரவு பத்திரம், டெகோடரின் தடுமாற்றம்தான். மறையவில்லை என்றால், அந்த 4 ஜிபி வரம்பு இல்லாத என்டிஎஃப்எஸ் என்ற ஃபார்மட்டை உங்கள் டெகோடர் ஏற்கிறதா என்று பாருங்கள். ஃபார்மட் செய்தால் உள்ளே இருப்பதெல்லாம் போய்விடும், தீபாவளிக் கோப்பை முதலில் வெளியே எடுத்து வையுங்கள்.

செம்பனை77:
ஒட்டிப் பார்த்தேன். துள்ளல் இல்லை. தரவு பத்திரம்.